அளவாக மூச்சு விட்டால் வலிக்கவில்லை: விலாவில் அடிபட்ட ஒருவரின் ஐந்து மாதங்கள்

"இப்ப பரவாயில்லை டாக்டர். மூச்சை அளவா விட்டா வலியே தெரியறதில்லை." அடிபட்ட 11-ஆம் நாள் என் முன்னால் வந்து உட்கார்ந்ததும் அந்த அம்மா சொன்னது இதுதான். அவர் நல்ல செய்தியாக நினைத்துத்தான் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அவருக்கு வயது 67. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, வேறு தொந்தரவு இல்லை. வீட்டுப் படியில் இறங்கும்போது கடைசிப் படியில் கால் வழுக்கி, கைப்பிடிக் கம்பியில் இடது விலா இடித்திருக்கிறது. தலையில் அடியில்லை, மயக்கமும் இல்லை. எழுந்து தானே நடந்து போயிருக்கிறார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அன்றைக்கே ஒரு மருத்துவரைப் பார்த்து எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். "எலும்பு நல்லா இருக்கு, ஊமைக்காயம்தான்" என்று சொல்லி ஐந்து நாளுக்கு வலி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அந்த எக்ஸ்ரேயை நானும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கும் முறிவு தெரியவில்லை. அதனால் அந்த மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். விலா முறிவுகளில் ஏறக்குறைய பாதி சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயில் தப்பிவிடும். எலும்பு வளைந்து போகிறது, ஒன்றன் மேல் ஒன்றாக நிழல் விழுகிறது, விலகாத கீறல் அதற்குள் மறைந்துகொள்கிறது. முன்பக்கத்தில் விலாவை மார்பெலும்போடு இணைக்கும் குருத்தெலும்பு உடைந்திருந்தால் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. உண்மையில் அடிபட்ட அன்று எக்ஸ்ரே எடுப்பதே விலாவுக்காக அல்ல. உள்ளே நுரையீரலைச் சுற்றிக் காற்றோ ரத்தமோ தேங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான். கீறலாக இருந்தாலும் ஊமைக்காயமாக இருந்தாலும் வைத்தியம் கிட்டத்தட்ட ஒன்றே.

அப்படியானால் எங்கே பிசகியது? அந்தச் சீட்டில் மாத்திரைப் பெயர் இருந்தது, நாள் கணக்கு இருந்தது. எப்படி மூச்சு விட வேண்டும், இருமலை என்ன செய்ய வேண்டும், எது நடந்தால் திரும்ப வர வேண்டும் என்ற மூன்று வரி இல்லை. அந்த மூன்று வரியை எழுதாமல் நானும் எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பத்து நாளும்

முதல் மூன்று நாள் கடும் வலி. படுக்கவும் எழவும் ஆள் வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் மாத்திரை தீர்ந்தது. "ரொம்ப நாள் வலி மாத்திரை போடக்கூடாது" என்று அதோடு நிறுத்திவிட்டார். ஆறாம் நாள் வலி மறுபடி ஏறியதும், வீட்டில் வேறொருவர் முதுகுவலிக்கு வாங்கி வைத்திருந்த எலாஸ்டிக் பெல்ட்டை எடுத்து விலாவைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டார். நல்ல சுகமாக இருந்ததாம். இருக்கத்தான் செய்யும். விலா அசையவில்லை என்றால் வலிக்காது. ஆனால் விலா அசையவில்லை என்றால் நுரையீரலும் விரியாது.

கால் உடைந்தால் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைக்கலாம். விலாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. நிமிடத்துக்கு 15 மூச்சு என்று வைத்தால்கூட ஒரு நாளைக்கு 21,600 தடவை அது ஏறி இறங்கியாக வேண்டும். உடைந்த இடம் ஆறுவதும் அந்த அசைவுக்கு நடுவிலேதான். முன்பெல்லாம் மருத்துவர்களே விலா முறிவுக்கு நெஞ்சைச் சுற்றிப் பட்டையான பிளாஸ்திரி ஒட்டினார்கள். அப்படிக் கட்டியவர்களுக்கு நெஞ்சுச்சளி கட்டுவதைப் பார்த்த பிறகு அந்தப் பழக்கம் கைவிடப்பட்டது.

எட்டாம் நாளிலிருந்து இருமல். இருமினால் உயிர் போகிறது என்பதால் தண்ணீர் குடித்துக் குடித்து அடக்கியிருக்கிறார். பத்தாம் நாள் இரவு லேசாகக் குளிர். "மூச்சுப்பிடிப்புதான், தானா விடும்" என்று வீட்டிலும் பேசி முடித்துவிட்டார்கள். இந்த மூச்சுப்பிடிப்பு என்ற சொல்லோடு எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. தசைப் பிடிப்பும் அதுதான், விலா முறிவும் அதுதான், நுரையீரல் உறை அழற்சியும் அதுதான். பெயர் வைத்தவுடன் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடுகிறது, யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

11-ஆம் நாள் மகள் கட்டாயப்படுத்தி அழைத்து வந்தார். வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன். "ரெண்டு, மூணு இருக்கும்" என்றார். முகத்திலும் பெரிய வேதனை தெரியவில்லை. அந்த எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு அனுப்பியிருந்தால் கதையே வேறு.

"சரிம்மா, ஒரு தடவை நல்லா ஆழமா மூச்சு இழுங்க பார்ப்போம்."

இழுக்க ஆரம்பித்தார், பாதியில் முகம் சுளித்து நிறுத்திவிட்டார். இரும்பச் சொன்னேன். தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். கடிகாரத்தை வைத்து எண்ணினால் நிமிடத்துக்கு 26 மூச்சு. ஒவ்வொன்றும் மேலோட்டமாக. அதாவது மூச்சின் ஆழத்தைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறார், தனக்கே தெரியாமல். அந்த 'ரெண்டு, மூணு' என்பது காயம் ஆறியதால் வந்த எண் அல்ல. மூச்சைச் சுருக்கியதால் வந்த எண்.

காய்ச்சல் 101 டிகிரி. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 92. இடது நுரையீரலின் அடிப்பகுதியில் மூச்சுச் சத்தம் குறைந்திருந்தது, தட்டினால் மந்தமாக ஒலித்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பினேன்.

ஸ்கேனில் இடது பக்கம் 7, 8, 9-ஆம் விலாக்களில் முறிவு. ஒன்றும் பெரிதாக விலகவில்லை. நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி அதில் நிமோனியா பிடித்திருந்தது. பக்கத்தில் கொஞ்சம் நீர். இடது பக்கம் 9 முதல் 11 வரையுள்ள விலாக்களுக்கு அடியில்தான் மண்ணீரல் இருக்கிறது என்பதால் வயிற்றையும் சேர்த்துப் பார்த்தோம். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

ஏன் உடனே சேர்த்தோம்

இளைஞர் ஒருவருக்கு மூன்று விலா முறிந்து நுரையீரல் நன்றாக இருந்தால் வீட்டுக்கே அனுப்பலாம். 65 வயதைத் தாண்டியவர் என்றால் கணக்கு மாறுகிறது. அமெரிக்காவில் நடந்து 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, 65 வயதுக்கு மேற்பட்டவர்களையும் இளையவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. முதியவர்களுக்கு முறிந்த விலா ஒவ்வொன்று கூடும்போதும் மரண வாய்ப்பு 19 சதவீதமும், நிமோனியா வாய்ப்பு 27 சதவீதமும் கூடியது. உயிரை எடுப்பது எலும்பு அல்ல, அதற்குப் பின்னால் சுருங்கிப் போகும் நுரையீரல்.

நோய்க்கிருமிக்கு ஆன்டிபயாடிக் தொடங்கினோம். ஆனால் அவரைத் தேற்றியது அது மட்டுமல்ல, வலியைச் சரியாக அடக்கியதும்தான். முதுகுப் பக்கத்தில் விலா நரம்புகளை மரத்துப்போக வைக்கும் ஊசி போட்டார் மயக்கவியல் மருத்துவர். அரை மணி நேரம் கழித்துப் போனேன். கையில் மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் மூச்சுக் கருவி, மூச்சை ஆழமாக இழுத்தால் பந்து மேலே எழும். காலையில் முதல் பந்தையே அசைக்க முடியாதவர், இப்போது இரண்டாவதைத் தூக்கினார். அப்புறம் இருமினார், அழுத்தமாக. பத்து நாளாக உள்ளே கிடந்த சளி அன்றுதான் வெளியே வந்தது.

வலி மாத்திரை என்றால் ஏதோ பலவீனம் மாதிரி, பொறுத்துக்கொள்வது வீரம் மாதிரி ஓர் எண்ணம் பலருக்கு இருக்கிறது. விலா அடியில் அது நேரெதிர். வலி தெரிந்த பிறகு போடுவதைவிட மணிக்கணக்குப்படி போடுவது நல்லது. நல்ல எடையுள்ள பெரியவர் என்றால் பாராசிட்டமால் ஒரு வேளைக்கு 1 கிராம், இரண்டு வேளைக்கு நடுவே 6 மணி நேரம், நாளுக்கு 4 கிராமைத் தாண்டக்கூடாது. ஒல்லியானவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவாகத்தான். ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் நன்றாக வேலை செய்யும். ஆனால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. இந்த அம்மாவுக்கு அதைத் தவிர்த்தோம். மார்பின் வகை மருந்துகள் வலியைக் கொல்லும், கூடவே மூச்சையும் மந்தமாக்கும், மலச்சிக்கலும் தரும். விலா உடைந்தவர் முக்குவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களைக் கேட்டால் தெரியும்.

மருத்துவமனையில் சேர்த்த ஆறாம் நாள் வீட்டுக்குப் போனார். இந்தத் தடவை அந்த மூன்று வரியை எழுதிக் கொடுத்தோம். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை 10 ஆழ்ந்த மூச்சு. இருமல் வந்தால் அடக்காமல், ஒரு தலையணையை விலாவோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுவது. நடமாட்டத்தை நிறுத்தாமல் இருப்பது. இரவில் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தாற்போலப் படுத்தால் எழுவதும் சுலபம், மூச்சும் சுலபம்.

பத்தாவது வாரம்

ஆறு வாரத்தில் ஏறக்குறைய குணம். விலா முறிவு பெரும்பாலும் ஆறு வாரத்தில் கூடிவிடும். தும்மும்போதும் புரண்டு படுக்கும்போதும் குத்துவது மூன்று மாதம் வரை இழுக்கலாம். ஊமைக்காயமும் சில சமயம் முறிவுக்கு இணையாகப் படுத்தும். "எலும்பே உடையலைன்னு சொன்னாங்க, இன்னும் ஏன் வலிக்குது" என்று நான்காம் வாரத்தில் கேட்பவர்கள் நிறையப் பேர். வலி வாரத்துக்கு வாரம் கொஞ்சமாவது இறங்கிக்கொண்டிருந்தால், நேற்று முடியாத ஒரு வேலை இன்று முடிந்தால், பயப்பட ஒன்றுமில்லை.

பத்தாவது வாரம் அவர் திரும்ப வந்தார். "பழைய வலி போயிடுச்சு டாக்டர். இது வேற வலி."

நோயாளியே இது வேறு வலி என்று சொன்னால் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பேன். முதுகிலிருந்து விலாவை ஒட்டி முன்பக்கம் வரைக்கும் ஒரு பட்டை மாதிரி எரிச்சல். துணி பட்டாலே சுரீரென்கிறது. சில சமயம் எறும்பு ஊர்வது போல. ஆழமாக மூச்சு இழுத்தால் கூடுவதில்லை, நன்றாகவே இழுக்கிறார். இரும முடிகிறது. காய்ச்சல் இல்லை.

முதலில் தோலைப் பார்த்தேன். இப்படிப் பட்டையாக எரிந்தால் அக்கியாக இருக்கலாம், கொப்புளம் வருவதற்குச் சில நாள் முன்பே எரிச்சல் தொடங்கிவிடும். கொப்புளம் இல்லை, எரிச்சல் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்ததால் இனி வரப்போவதும் இல்லை. முறிந்த இடத்தை அழுத்தினேன், 'டக்'கென்ற அசைவு தெரியவில்லை. எக்ஸ்ரேயில் மூன்று முறிவிலும் புது எலும்பு முடிச்சுப் போட்டது போலப் படிந்திருந்தது. முதல் நாள் தெரியாத முறிவு ஆறிய பிறகு பளிச்சென்று தெரிவது விலாவில் வாடிக்கைதான். நீரும் வற்றிவிட்டது. தோலைப் பஞ்சால் தொட்டுப் பார்த்ததில் அந்தப் பட்டையில் மட்டும் உணர்ச்சி மாறியிருந்தது.

ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பிலும் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. அதற்குள் மேலிருந்து கீழாகச் சிரை, தமனி, நரம்பு மூன்றும் ஒன்றாக ஓடுகின்றன. நரம்பு கடைசியில், எலும்பின் மறைவு குறைந்த இடத்தில். விலா உடையும்போது அது நசுங்கலாம், ஆறும்போது தழும்பில் மாட்டிக்கொள்ளலாம். இந்த அம்மாவுக்கு அதுதான் நடந்திருக்கிறது. எலும்பு ஆறிவிட்டது, நரம்பு இன்னும் ஆறவில்லை. இதற்கு வழக்கமான வலி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. இரவில் கபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கிக் கொஞ்சமாக ஏற்றினோம். எரியும் இடத்தில் மரத்துப்போக வைக்கும் லிடோகெயின் பட்டை ஒட்டச் சொன்னோம். முதல் வாரம் தலை கிறுகிறுப்பு இருந்தது. ஏற்கெனவே படியில் விழுந்தவர் என்பதால் அளவை ஏற்ற அவசரப்படவில்லை.

நீடிக்கும் வலி எல்லாமே நரம்பு வலி ஆகிவிடாது. குருத்தெலும்பில் பட்ட அடி எலும்பைவிட மெதுவாக ஆறும். 8 முதல் 10 வரையுள்ள விலாக்கள் மார்பெலும்பில் நேராகச் சேராமல் மேலே உள்ள விலாவைப் பிடித்துத் தொங்குபவை. அந்தப் பிடி தளர்ந்தால் குனியும்போது ஒரு விலா நழுவி மற்றொன்றின் அடியில் உரசும், சத்தம்கூடக் கேட்கும். எட்கர் சிரியாக்ஸ் என்ற மருத்துவர் 1919-இலேயே விவரித்துவிட்ட சங்கதி. இருந்தும் இன்றைக்கும் வயிற்று வலி என்று எண்டோஸ்கோப்பி வரை போய்த் திரும்பும் ஆட்கள் இருக்கிறார்கள். அபூர்வமாக முறிவு கூடாமலே நின்றுவிடும். மாதக்கணக்கில் அதே இடத்தில் கிளிக் என்று அசைந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும், அறுவைச் சிகிச்சையில் தகடு வைக்கக்கூட நேரலாம்.

யாரும் கேட்காத கேள்வி

இந்தக் கதையில் ஒரு விஷயத்தை நானே தாமதமாகத்தான் யோசித்தேன். கடைசிப் படியில் வழுக்கிக் கம்பியில் இடித்ததற்கு மூன்று விலா உடையலாமா? நல்ல எலும்பு அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காது. எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தோம், டி ஸ்கோர் மைனஸ் 2.8. மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப் புரை நோய். வைட்டமின் டி-யும் குறைவு. எலும்பை அரிக்கும் வேறு நோய் எதுவும் இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொண்டு சிகிச்சை தொடங்கினோம். அடுத்த விழுகையில் உடையக்கூடியது இடுப்பு எலும்பு. விலா முன்கூட்டியே தகவல் சொல்லியிருக்கிறது. 11-ஆம் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. வெறும் இருமலுக்கோ, அடியே படாமலோ விலா உடைந்தால் இந்தத் தேடல் இன்னும் அவசியம். புற்றுநோய் பரவலும், எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா என்ற புற்றுநோயும் சில சமயம் விலாவில்தான் முதலில் தலைகாட்டும்.

எப்போது போக வேண்டும்

மகள் என்னிடம் கேட்டார்: "வலி இருக்கத்தான் செய்யும்னு எல்லாரும் சொல்றாங்க. அப்ப எந்த வலிக்குத்தான் டாக்டர் ஓடி வரணும்?" நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்னதை இங்கே சொல்கிறேன்.

உடனே, ஆம்புலன்ஸ் கூப்பிட்டாவது போக வேண்டியவை: மூச்சு வாங்குவது கூடிக்கொண்டே போவது, உதடு நீலம் பாய்வது, இருமலில் ரத்தம், மயக்கம் அல்லது குளிர்ந்த வியர்வை. மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் ஒரு பகுதி மட்டும் வெளியே வராமல் உள்ளே போனால் அடுத்தடுத்த விலாக்கள் இரண்டிரண்டு இடத்தில் உடைந்திருக்கின்றன என்று அர்த்தம். அதேபோல இடது கீழ் விலாவில் அடிபட்டவருக்கு வயிறு வலித்து, அடியே படாத இடது தோள்பட்டை நுனியில் வலி வந்தால், மண்ணீரலிலிருந்து ரத்தம் கசிந்து உதரவிதானத்தை உறுத்துகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இது அடிபட்டு இரண்டு நாள் கழித்துக்கூட வரலாம். வலது பக்கம் என்றால் கல்லீரல். நெஞ்சின் நடுவே பாரம் அழுத்தி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலியை விலா அடியின் கணக்கில் எழுதாதீர்கள், அது மாரடைப்பாக இருக்கலாம். பல நாள் படுக்கையில் இருந்தவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி, திடீரென்று மூச்சுத் திணறினால் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம்.

அன்றைக்குள் பார்க்க வேண்டியவை: காய்ச்சல், மஞ்சளோ பச்சையோ நிறமான சளி, மாத்திரை போட்டும் ஆழ மூச்சு இழுக்கவோ இருமவோ முடியாமை. இறங்கி வந்த வலி திடீரென்று திரும்ப ஏறுவதும் இந்தக் கணக்கில்தான். முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் இரண்டு வாரம் வரை நெஞ்சுக்குள் தாமதமாக ரத்தம் தேங்க வாய்ப்பு உண்டு. அதனால் "போன வாரம்தானே படம் எடுத்தோம்" என்ற சமாதானம் செல்லாது. 65 வயது தாண்டியவர்கள், ஆஸ்துமா போன்ற நுரையீரல் நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் இந்த அறிகுறிகளுக்குக்கூடக் காத்திராமல் அடிபட்ட அன்றே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அவசரமில்லை, ஆனால் நாள் குறித்துப் போக வேண்டியவை என்றால், மூன்று வாரமாகியும் வலி கொஞ்சமும் இறங்காதது, ஆறு எட்டு வாரத்துக்குப் பிறகும் தூக்கத்தைக் கெடுப்பது, வலியின் குணமே மாறிப்போவது. மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டால் "பழகிக்க வேண்டியதுதான்" என்று விடாமல் காரணத்தைத் தேட வேண்டும்.

இன்னொன்றும் மகளிடம் சொன்னேன். வலி எவ்வளவு என்று கேட்காதே, எது முடியவில்லை என்று கேள். முழு மூச்சு இழுக்க முடிகிறதா, ஒரு வாக்கியத்தை நடுவில் நிறுத்தாமல் பேசி முடிக்கிறாரா, இருமலை அடக்குகிறாரா. இந்த மூன்றையும் பார்க்க மருத்துவராக இருக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் மாதம் வந்தபோது எரிச்சல் வெகுவாக அடங்கியிருந்தது. கபாபென்டினை மெல்ல இறக்கி நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். எழுந்து போகும்போது வாசலில் நின்று, "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் டாக்டர். நேத்து காலையில முழிச்சுப் பார்த்தா இடது பக்கம் திரும்பிப் படுத்திருக்கேன். எப்பத் திரும்பினேன்னே தெரியலை" என்றார். அன்றைக்கு எக்ஸ்ரே எடுக்கவில்லை.